ஊதா என்பது யாதெனின்: கூடைப்பந்து அணியின் நிறத்தை அச்சில் எழுதும் முறை குறித்து ஓர் ஆராய்ச்சி

தமிழில் இதுவரை எவரும் ஆராயாமல் விட்ட பொருள்களில் தலையாயது, கூடைப்பந்து அணியின் நிறத்தை அச்சில் எப்படி எழுதுவது என்பது. ஆராயாமல் விட்டதால் யாருக்கும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. இருந்தாலும் குறை குறைதான். அதைத் தீர்க்கும் பொறுப்பு கள்ளக்குறிச்சியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக் காலம் தள்ளும் என் தலையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் விழுந்தது.

இரண்டு பையன்கள் வந்தார்கள். இரவு நேரக் கூடைப்பந்துப் போட்டிக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும். கையில் மாதிரிக்கு ஒரு கையில்லாத பனியன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் பனியனைப் பார்த்துத் திருப்பூரில் அடித்து வாங்கியது. "எங்க டீம் கலரையும் போட்டுடுங்க சார். வயலட்டும் கோல்டும்" என்றான் ஒருவன். "பர்ப்பிள்டா" என்றான் அடுத்தவன். நான் "ஊதா" என்று எழுதிக்கொண்டேன். முதலாளி எட்டிப் பார்த்து, "ஊதான்னா நீலந்தானங்க ஐயா, நீலம்னே போடுங்க" என்றார். பைண்டிங் மேசையில் தாள் மடித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே, "அது கத்திரிப்பூ கலருங்க" என்றார். ஆள் ஐந்து, பனியன் ஒன்று, நிறமும் ஐந்து. தங்கத்தின் பக்கம் யாரும் இன்னும் போகவேயில்லை.

ஊதா என்பது யாதெனின், அது ஆளுக்கு ஆள் மாறுவது என்க. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு வானமும் ஊதா, பேனா மையும் ஊதா. நீலம் என்ற சொல்லை அவர்கள் சலவைக்கு ஒதுக்கி வைத்துவிட்டார்கள். வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலம்தான் நீலம். படித்த பிள்ளைகளுக்கோ ஊதா என்றால் வானவில்லின் கடைசிப் பட்டை. முதலாளி அறியாமையால் சொன்னார் என்று எழுதிவிட்டுப் போக ஆசைதான். ஆனால் கள்ளக்குறிச்சி தாலுகா நெடுங்காலம் இருந்தது தென்னாற்காடு மாவட்டத்தில். 1993இல் அது விழுப்புரத்தோடு போயிற்று. 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. அந்தப் பழைய தென்னாற்காடு அவுரி விளைந்த பூமி. அவுரியை ஊறவைத்து, அடித்துக் கலக்கி, வண்டலை வில்லையாக்கிக் கப்பலேற்றிய சீமை அது. 1897இல் ஜெர்மனிக்காரர்கள் ஆலையில் செய்த நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகுதான் அந்த வியாபாரம் படுத்தது. நீலத்தை உலகுக்கு விற்ற சீமைக்காரரிடம் போய் "ஐயா, நீலம் வேறு, ஊதா வேறு" என்று பாடம் எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

தவிரவும், முதலாளிக்கு அமெரிக்காவிலேயே ஒரு கூட்டாளி உண்டு. லேக்கர்ஸ் அணியை 1965இல் வாங்கிய ஜாக் கென்ட் குக் என்ற கனடாக்காரர், பழைய நீலம், வெள்ளையைக் கழித்துவிட்டு இந்தக் கத்தரிப்பூவையும் மஞ்சளையும் கொண்டுவந்தார். ஆனால் 'பர்ப்பிள்' என்ற சொல் அவர் காதுக்கு ஆகாது. நிறம் பிடிக்கும், பெயர் பிடிக்காது. 1967 கடைசியில் 'ஃபோரம்' என்று ஒரு விளையாட்டு அரங்கம் கட்டித் திறந்தார். அதன் பெயரை ஒட்டவைத்து, இந்த நிறம் 'ஃபோரம் நீலம்' என்று அழைக்கப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டார். பனியன் என்னவோ அதே பனியன்தான். பிள்ளைக்குப் பெயர் வைத்த தகப்பனை யார் தடுப்பது? 'ஊதான்னா நீலந்தானே' என்று எங்கள் முதலாளி கேட்ட கேள்விக்கு, கோடி டாலர் முதலீட்டோடு கிடைத்த பதில் 'ஆமாம்' என்பதே.

அதிகாரப்பூர்வ நிறம் என்பது கண்ணால் காண்பதன்று, சொந்தக்காரர் சொல்வது என்பது இதனால் பெறப்படும். கிளீவ்லாந்து கவாலியர்ஸ் தம் அணியை 'ஒயினும் தங்கமும்' என்பார்கள். நம் ஜவுளிக்கடையில் அதை அரக்கு என்று ஒரே சொல்லில் முடித்து ரவிக்கைத் துணியும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மெம்ஃபிஸ் அணிக்கு ஒரு தெருவின் பெயரிலேயே நீலம் இருக்கிறது, 'பீல் தெரு நீலம்' என்று. கள்ளக்குறிச்சியில் இந்த வழக்கம் வந்தால் எந்தத் தெரு, என்ன நிறம் என்று யோசித்துப் பார்த்தேன். மழைக்காலத்தில் எல்லாத் தெருவுக்கும் ஒரே நிறம்தான் கிடைக்கும்.

எதிர்க்கட்சிக்கும் இடம் கொடுப்பது ஆராய்ச்சி மரபு. பெயரைக் கண்ணால் பார்த்து வைக்க வேண்டும் என்பார் ஒரு சாரார். அவர்களைக் கல்வராயன் மலைக்கு அழைத்துப் போகலாம். மலைத் தாலுகாவின் தலைமையிடம் வெள்ளிமலை. ஐப்பசியில் போனால் அது பச்சை. சித்திரையில் போனால் காய்ந்த பழுப்பு. மேகம் அருவிப் பக்கம் இறங்கினால் பாறையின் கறுப்பு. விடியற்காலைப் பனிமூட்டம் மேலேறும் ஒரு கால்மணி நேரம் மட்டும் வெள்ளி மாதிரி ஏதோ தெரியும். தெற்கே, ஆத்தூரைத் தாண்டி இருக்கிற பச்சைமலைக்குப் பெயர் வைத்தவர் நேர்மையானவர். வெள்ளிமலைக்கு வைத்தவர் ஜாக் கென்ட் குக்கின் முன்னோடி.

இனித் தமிழ் மரபுக்கு வருவோம். நம் இலக்கணம் நிறத்தை அவ்வளவாக நம்பியதில்லை. தொல்காப்பியர் உரியியலில் கறுப்பையும் சிவப்பையும் எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு முதலில் கொடுக்கிற பொருள் கோபம். நிறத்தையும் குறிக்கும் என்பது பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே சிவப்பும் கறுப்பும் உடுத்தி ஆடும் சிகாகோ புல்ஸ் அணி, தொல்காப்பிய நெறியில், ஒரே சமயத்தில் இரண்டு முறை கோபித்துக்கொண்ட அணி. பெயரில் காளை வேறு. இங்கே பிழைதிருத்துவோர் கவனிக்க: கறுப்புக்கு வல்லின றகரம் போட வேண்டும். இடையின ரகரம் போட்டுக் 'கருப்பு' என்றால் பஞ்சம் என்றும் பொருள் உண்டு. சிவப்பும் பஞ்சமும் அணிந்து இறங்கினார்கள் என்று அச்சாகிவிட்டால் அணியின் புரவலர் கோபித்துக்கொள்வார். தமிழ்நாட்டில் இந்த இரண்டு நிறமும் சேர்ந்தால் கோபத்துக்கு முன்னால் கொடிதான் நினைவுக்கு வரும் என்பதால், சில ஊர்க் குழுக்கள் சிவப்பை 'மெரூன்' என்று எழுதச் சொல்கின்றன. இதை நான் இலக்கண வழுவமைதியில் சேர்த்துக்கொள்கிறேன்.

தங்கம்தான் இந்த ஆய்வில் அதிகம் படுத்தியது. லேக்கர்ஸ் பனியனில் உள்ளது மஞ்சள் என்பது கண்ணுள்ள எவருக்கும் தெரியும். அவர்கள் அதைத் தங்கம் என்கிறார்கள். சரி, தங்கம் என்றே வைத்துக்கொள்வோம். தமிழில் தங்கத்தின் நிறம் என்ன? மாற்றுக் குறையாத பொன்னைப் பசும்பொன் என்கிறோம், அதாவது பச்சை. செம்பொன் என்றும் சொல்கிறோம், அப்போது சிவப்பு. வெண்பொன் என்றால் வெள்ளி, கரும்பொன் என்றால் இரும்பு. ஒரு பொன்னை வைத்துக்கொண்டு நான்கு அணிகளுக்குப் பனியன் தைக்கலாம். புணர்ச்சி விதி வேறு குறுக்கே நிற்கிறது. பொன்னும் பனியனும் சேர்ந்தால் பொற்பனியன். திருமாங்கல்யத்தோடு சேர்த்து வங்கியில் அடகு வைக்கிற பொருள் போல ஒலிக்கிறது. மஞ்சளும் பனியனும் சேர்ந்தால், முறைப்படி, மஞ்சட்பனியன். மஞ்சட்காமாலைக்கு அடுத்த வரியில் வர வேண்டிய சொல். 'மஞ்சள் கொடுத்த அணி' என்று தலைப்பு வைத்தாலோ, மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டதாக ஊர் நினைத்துக் கடன்காரர்கள் மைதானத்துக்கே வந்துவிடுவார்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் மட்டும் 2008 முதல் மஞ்சளை மஞ்சள் என்றே சொல்லிக் காலம் தள்ளியிருக்கிறது. மஞ்சள் கயிறும் பத்திரிகை மூலையில் தடவும் மஞ்சளும் உள்ள நாட்டில் அதைத் தங்கமாக்க அவசியம் நேரவில்லை போலும்.

அச்சகத்துக்குள் இந்தச் சிக்கல் சித்தாந்தமாக இல்லாமல் மையாக வந்து நிற்கும். நான்கு கலர் அச்சில் இருப்பது சையான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. இதில் தங்கம் கிடையாது; மஞ்சளில் கொஞ்சம் மெஜந்தாவைத் தூவித் தங்கம் என்று ஏமாற்ற வேண்டியதுதான். மினுக்க வேண்டுமென்றால் தனி மை, தனி ஓட்டம், தனிக் காசு. கத்தரிப்பூ இன்னும் மோசம். திரையில் பார்க்கும்போது அழகாக இருக்கும். தாளில் மெஜந்தா ஒரு சிட்டிகை குறைந்தால் நீலமாகிவிடும், கூடினால் வாடாமல்லியாகிவிடும். எங்கள் மிஷின்காரர் அதை ஒரு நாளும் ஒரே மாதிரி அடித்ததில்லை. ஒரே கட்டில் மேல் நோட்டீஸ் முதலாளியின் கட்சி, அடி நோட்டீஸ் பைண்டிங் அம்மாவின் கட்சி.

நாட்டில் மிகத் தெளிவான நிற இலக்கணம் ஜவுளிக்கடைப் பட்டுப் பிரிவில்தான் இருக்கிறது என்பது என் முடிபு. அங்கே எந்த நிறமும் தனியாக நிற்பதில்லை. ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கிளிப்பச்சை, பாட்டில் பச்சை, மாம்பழ மஞ்சள், எலுமிச்சை மஞ்சள், மிட்டாய் ரோஸ், பாக்குக் கலர், வெங்காயச் சருகு, காப்பிப்பொடி, மயில்கழுத்து. நீலத்துக்கு எம். எஸ். சுப்புலட்சுமியின் பெயரிலேயே ஒன்று, எம். எஸ். நீலம். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே வெங்காயம் தெரியும், ஆகவே சண்டை இல்லை. பொருளில் அடங்காத வெளிறிய நிறங்கள் எல்லாவற்றையும் 'இங்கிலீஷ் கலர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி மேல் அலமாரியில் போட்டுவிடுவார்கள். ஒரு முறை கல்யாண ஜவுளிக்குப் போனபோது பார்த்தேன். "இதே கலர்ல கொஞ்சம் அழுத்தமா" என்றார் அக்காள் ஒருத்தி. விற்பனைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "கத்திரிப்பூவாங்க, கத்திரிக்காயாங்க?" அமெரிக்கக் கூடைப்பந்து சம்மேளனத்தில் இவ்வளவு துல்லியம் கிடையாது.

சாயம் நிற்பது பற்றியும் ஒரு சொல். பருத்தியில் சாயம் பிடிக்கப் பழைய சாயக்காரர்கள் முதலில் துணியைக் கடுக்காயில் நனைத்தார்கள்; கடுக்காயின் துவர்ப்புதான் மற்றச் சரக்கை இழையோடு பிடித்துவைப்பது. இரும்புக் கரைசலோடு சேர்த்தால் அதுவே கறுப்பும் தரும். கல்வராயன் காட்டில் கடுக்காய் பொறுக்கி விற்கிற மலையாளிப் பழங்குடி மக்கள் எந்த அணியின் நிறத்தையும் தேர்ந்தெடுத்ததில்லை. தேர்ந்தெடுத்த நிறம் வெளுக்காமல் நிற்க வேண்டுமானால் அவர்களிடம்தான் வர வேண்டியிருந்தது. பையன்கள் கொண்டுவந்த திருப்பூர் பனியனுக்குக் கடுக்காய் தேவையில்லை. பாலியஸ்டரில் சூட்டோடு ஏற்றிய சாயம். கழுத்துப் பட்டி மட்டும் பருத்தி. அது இரண்டு சலவையிலேயே ரோஸாகிவிட்டிருந்தது.

இத்தனைக்கும் சர்வதேசக் கூடைப்பந்து விதி இதில் தலையை நுழைப்பதே இல்லை. அட்டவணையில் முதலில் பெயர் வரும் அணி வெளிர் நிறம், கூடுமானால் வெள்ளை. இரண்டாவது அணி அடர் நிறம். அவ்வளவுதான். அடர் என்றால் ஊதாவா நீலமா என்று நடுவர் கேட்பதில்லை. நம் ஊர்ப் பந்தயங்களில் இது இன்னும் சுருங்கி 'வெள்ளை டீம், கலர் டீம்' என்றாகிவிட்டது. வெளியூர் அணியிடம் "உங்களுக்குக் கலர் என்னங்க?" என்று கேட்டால் "பன்னீர் சோடா இருக்குங்களா?" என்று பதில் வரும் ஆபத்தும் உண்டு, கிராமத்தில் கலர் என்பது முதலில் குடிக்கிற பொருள்.

இத்தனை ஆராய்ச்சிக்கும் பிறகு நோட்டீஸ் முடிந்தாக வேண்டும். நான் 'கத்தரிப்பூவும் மாம்பழ மஞ்சளும்' என்று திருத்திக் கொடுத்தேன். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "காய்கறி மார்க்கெட்டுன்னு கிண்டல் பண்ணுவானுங்க சார்." நீலம் என்று போட முதலாளி தயார், அவர்கள் தயாரில்லை. பர்ப்பிள் என்று தமிழில் எழுதினால் மூன்று புள்ளி வைக்க வேண்டும், பார்க்க அம்மை போட்டது மாதிரி இருக்கும் என்று நான் மறுத்துவிட்டேன். கடைசியில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வாசகம்: 'அணியின் நிறம்: நேரில் வந்து காண்க.' ஆயிரம் நோட்டீஸ், ஒரே கலர் அச்சு. செலவும் மிச்சம்.

போட்டியன்று ராத்திரி நானும் போயிருந்தேன். மைதானத்தின் நான்கு மூலையிலும் பழைய சோடியம் விளக்கு. அந்த வெளிச்சத்தில் மஞ்சளைத் தவிர வேறு எதுவும் பெரிதாகக் கிடையாது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாததால் அவை இருண்டுவிடும், மஞ்சளோ வெள்ளை மாதிரி ஆகிவிடும். மைக் பிடித்தவர் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு அறிவித்தார்: "காப்பிப்பொடி கலர் அணியினர் உடனடியாக மைதானத்துக்கு வரவும்."