அமுக்கராவும் மாப்ள மனசும்

வாய்யா மாப்ளே! மெட்ராஸ்ல இருந்து மருந்தும் கையுமா வந்து இறங்கியிருக்கே. டப்பா மேல அஸ்வகந்தான்னு போட்டுக் குதிரை பாயுது. விலையைப் பார்த்தா குதிரையவே பிடிச்சுக் கட்டியிருக்கலாம். மோந்து பார்த்தா நம்ம நாட்டு மருந்துக் கடை அமுக்கராக் கிழங்கு!

"ஆபீஸ் டென்ஷன் மாமா, மனசே சரியில்ல. இது மூலிகை, பக்கவிளைவே கிடையாது"ங்கிறே. சேராங்கொட்டையும் மூலிகைதான்யா. சுத்தி பண்ணாம கையில தேய்ச்சுப் பாரு, விளைவு எந்தப் பக்கம்னு உடம்பெல்லாம் கொப்புளிச்சுக் காட்டும்.

அமுக்கராவை நான் குறை சொல்லல. சித்த வைத்தியருக கிழங்கைப் பாலாவியில அவிச்சு, காயவச்சு, இடிச்சுச் சூரணம் பண்ணுவாக. அந்தக் கணக்கே ஒரு அழகு. கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, கடைசியா சர்க்கரை 128. பாதிக்கு மேல சர்க்கரை! உனக்குத்தான் போன வருசமே சுகர் எட்டிப் பார்த்துச்சே. மனசு இனிச்சுச்சா, ரத்தம் இனிச்சுச்சான்னு அப்புறம் யாரு பிரிச்சுச் சொல்றது?

ஆராய்ச்சியும் நடந்திருக்கு. கொஞ்ச ஆளுகளுக்கு ரெண்டு மூணு மாசம் குடுத்துப் பார்த்ததுல படபடப்பு தணியுது, மன அழுத்த ஹார்மோன் கார்டிசோல் இறங்குது, தூக்கம் கூடுதுன்னு சொல்றாக. அம்புட்டுத்தான். மனச்சோர்வு நோயைத் தீர்த்துரும்னு சொல்லச் சாட்சி பத்தல. தின்னு ஈரல் கெட்டவுகளும் உண்டு. தைராய்டைக் கிளப்பிவிடும், புள்ளத்தாச்சிக்கு ஆகாது. டென்மார்க்காரன் 2023-ல தடையே போட்டுட்டான்.

வெள்ளைக்காரன் ஊர்லயும் மஞ்சப் பூச்செடி ஒண்ணு இருக்கு, செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டுன்னு. 2008-ல காக்ரேன் அமைப்பு 29 ஆராய்ச்சியை அலசிட்டு, லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு அது மாத்திரைக்குச் சமமா நிக்குதுன்னு சொன்னுச்சு. கெட்டிக்காரச் செடிதான். ஆனா ஈரலை முடுக்கிவிட்டு, கூடச் சாப்பிடுற பல மருந்துகளை வேகமா வெளியேத்திரும். கருத்தடை மாத்திரையும் அதுல அடக்கம். கவலை தீரத் தின்னவ தொட்டில் கட்டுனா கவலை குறையுமா, கூடுமா? டாக்டர் குடுத்த மனச்சோர்வு மாத்திரையோட கலந்தா வேற வினை. மூளையில செரட்டோனின்ங்கிற ரசாயனம் எகிறி ஆளையே ஆட்டிவச்சிரும்.

இதையெல்லாம் விடு. ராத்திரி 2 மணிக்கு மேனேஜர் மெயிலுக்குப் பதில் போட்டுக்கிட்டே, தூக்கம் வரணும்னு பால்ல சூரணம் கலக்குறியே! நுகத்தடியைக் கழட்டாம மாட்டுக் கழுத்துப் புண்ணுக்கு மஞ்சப் பத்துப் போட்ட மாதிரில்ல இருக்கு. மாட்டுக்காவது வாயில்ல. உனக்கு லீவு கேக்க வாய் இருக்குல்ல?

ரெண்டு வாரமா எதுலயும் பிடிப்பில்ல, சோறு இறங்கல, தூக்கமில்லைன்னா அது வெறும் டென்ஷன் இல்லய்யா. டாக்டர்கிட்டப் போ. டப்பாவை ஒளிக்காம கொண்டுபோய்க் காட்டு. ஏற்கெனவே மாத்திரை ஓடுதுன்னா நீயா நிறுத்திராதே. நேர்ல போக வெக்கமா இருந்தா 14416-க்குப் போன் போடு, டெலி மானஸ்ங்கிற மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். ராத்திரி 2 மணிக்கும் எடுப்பாக, உன் மேனேஜர் மாதிரியே. என்ன, இவுக நீ சொல்றதையும் கேப்பாக.