மாடிப்படிக்கு அடியில் ஒரு பகீரதன்

தெருவுக்கு ஒருவர் இருப்பார். அரசாங்கத்திலோ வங்கியிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனாவோடு ஐந்து மீட்டர் டேப் ஒன்றும் இருக்கும். மிளகாய்ப்பொடி வாங்கினாலும் பாக்கெட்டின் பின்பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் காசை எடுப்பார். இப்பேர்ப்பட்டவருடைய அம்மாவுக்கு முட்டி மடங்காமல் போய், கொல்லைப்புறத்து இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியாத நிலை வந்துவிட்டது என்று வையுங்கள். வீட்டுக்குள்ளேயே ஒரு வெஸ்டர்ன் போட வேண்டும். இருக்கிற ஒரே இடம் மாடிப்படிக்கு அடியில். அங்கே குடியிருந்த இன்வெர்ட்டரும், பழைய பேப்பர் கட்டும், ஓடாத டேபிள் ஃபேனும் வெளியேற்றப்பட்டன. நம்மவர் உள்ளே நுழைந்தார்.

கொத்தனார் தரையைப் போட்டு, டைல்ஸ் ஒட்டி, பீங்கானையும் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார். பாக்கி இருந்தது ஃப்ளஷ் ஒன்றுதான். வேறு வீடாக இருந்தால் சாயங்காலத்துக்குள் ஒரு டேங்க்கை மாட்டிவிட்டுக் கூலியைக் கேட்டிருப்பார்கள். இங்கே ஆராய்ச்சி ஆரம்பமாயிற்று.

நியாயமாகப் பார்த்தால் அந்த இடமும் லேசுப்பட்டதில்லை. ஒரு பக்கம் ஆள் நிமிர்ந்து நிற்கலாம், மறுபக்கம் பூனைதான் நிற்கலாம். பீங்கானுக்குப் பின்னாலேயே டேங்க் வைத்தால் படிக்கட்டின் சிலாப் அதன் தலையில் உட்காருகிறது. மூடியைத் தூக்க வழியில்லை. போர்வெல் உப்பு படிந்து ஆறு மாதத்துக்கொரு தரம் மிதவை வால்வு மக்கர் பண்ணும் ஊரில், மூடி திறக்காத டேங்க்கை எந்த பிளம்பரும் தொடமாட்டார்.

“அப்போ கன்சீல்டு டேங்க்” என்றார். சுவருக்குள்ளே புதைத்துவிட்டுப் பொத்தானை மட்டும் வெளியே காட்டுவது. ரொம்ப ஒல்லியான டேங்க்குக்கே எட்டு சென்டிமீட்டர் ஆழம் வேண்டும். இவர் வீட்டுச் சுவர் மொத்தமே நாலரை இஞ்ச். அதிலும் அந்தச் சுவருக்கு மறுபக்கம் பூஜை அறை.

“பெருமாள் முதுகுக்குப் பின்னாடி உங்க டேங்க்கா? நல்லாருக்கு” என்றார் வீட்டம்மா. கன்சீல்டு டேங்க் அத்தோடு அடங்கியது.

அடுத்தது ஃப்ளஷ் வால்வு. டேங்க்கே வேண்டாம், கைப்பிடியை அழுத்தினால் மொட்டைமாடித் தண்ணீர் நேராக வந்து இறங்கும். பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் நின்றால்தான் ஒரு பார் அழுத்தம் என்பதை நம்மவர் இந்தக் கட்டத்தில் கற்றார். கற்றதைத் தெருவுக்கே கற்பித்தார். வீட்டில் இருந்த குழாயோ முக்கால் இஞ்ச். வால்வுக்கு 32 மில்லிமீட்டரில் தனி லைன் வேண்டும், அது வாசல் முகப்பில்தான் இறங்கியாக வேண்டும். போதாக்குறைக்கு, வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் குழாய் ‘டமார்’ என்று அதிரும் என்பதையும் அவரே படித்துச் சொல்லித் தொலைத்தார். “ராத்திரி ரெண்டு மணிக்கு அத்தை எழுந்தா தெருவே எழுந்துக்கும்” என்று வால்வுக்கும் தீர்ப்பு வந்தது.

சங்கிலி இழுக்கும் டேங்க்மேல் அவருக்குத் தனிப் பாசம். தலைக்கு மேல் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் வேகமாக இறங்கும், மின்சாரம் வேண்டாம், பொத்தான் வேண்டாம். ஆனால் அதற்கு உயரம் வேண்டுமே, மாடிப்படி கொடுக்கவில்லை. அந்த ஏமாற்றத்தைச் சரித்திரத்தில் தீர்த்துக்கொண்டார். “1898இல் சைஃபன் டேங்க்குக்கு பேட்டன்ட் வாங்கினவர் ஆல்பர்ட் கிப்ளின். வித்தவர் தாமஸ் கிராப்பர். ஊர் உலகம் யாரைச் சொல்லுது? கிராப்பரை!” இதைச் சொல்லும்போது குரல் லேசாகத் தழுதழுக்கும். ஆபீசில் இவர் எழுதிய நோட்டுக்கு வேறொருவர் பிரமோஷன் வாங்கிய கதை ஒன்று உண்டு. அதை நான் கேட்பதில்லை.

கல்யாணப் பந்தியில் இவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தால் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விடுவது உத்தமம். சாம்பாருக்கு 1596இல் தொடங்குவார். எலிசபெத் ராணியின் ஞானப்பிள்ளை ஜான் ஹாரிங்டன் அந்த வருஷம்தான் தண்ணீர் பாய்ச்சும் கழிப்பறையைப் பற்றிப் புத்தகமே போட்டார். ரசம் வரும்போது 1775க்கு வந்திருப்பார். “அலெக்சாண்டர் கம்மிங், தொழில் என்ன தெரியுமா? கடிகாரம் செய்யறது! அவர்தான் பைப்பை எஸ் மாதிரி வளைச்சார். அந்த வளைவுல நிக்கிற தண்ணிதான் நாத்தத்தை மறிக்குது.” பாயசம் ஊற்ற வந்த பையன் இலைக்கு மேலே கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டான்.

பாதாளத்துக்குக் கீழே டாய்லெட் கட்டினாலும் கழிவை அரைத்து மேலே தள்ளும் மோட்டார் இருக்கிறது என்று ஒரு நாள் கண்டுபிடித்து வந்தார். பிரெஞ்சுக்காரர்கள் செய்வது. வீட்டம்மா அடுப்படியிலிருந்தே, “வீட்டுல ஒரு மிக்ஸி போதும்” என்றார்.

தண்ணீர்ச் சிக்கனம் என்று வந்துவிட்டால் கணக்கு நோட்டே வெளியே வரும். பழைய டேங்க் ஒரு தடவைக்குப் பத்து லிட்டர். இரட்டைப் பொத்தான் டேங்க் சின்னதுக்கு மூன்று, பெரியதுக்கு ஆறு. “ஆஸ்திரேலியாக்காரன் 1980கள்லயே கொண்டுவந்துட்டான் சார். நாள் ஒன்னுக்கு அஞ்சு தடவை, நாலு சின்னது, ஒன்னு பெருசு. பழசுல அம்பது லிட்டர், புதுசுல பதினெட்டு. தலைக்கு முப்பத்திரண்டு லிட்டர் மிச்சம்!” வாசலில் நின்றபடி இதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, மோட்டாரை நிறுத்த மறந்து அவர் வீட்டு மொட்டைமாடி டேங்க் வழிந்து எங்கள் இருவர் காலையும் நனைத்துக்கொண்டிருந்தது. தலைக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

பாரிமுனைக் கடை ஒன்றில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 2003 முதல் சோயா விழுதைப் போட்டு ஃப்ளஷின் பலத்தைச் சோதிக்கிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறார். சோயாவுக்கு எங்கே போவது? கேழ்வரகுக் களியை உருட்டி, எடை போட்டு, டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைப்பையன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, “மதியச் சாப்பாடா சார்?” என்றிருக்கிறான். விஷயம் விளங்கியதும், காட்சிக்கு வைத்திருக்கும் எதற்கும் தண்ணீர் கனெக்‌ஷன் கிடையாது என்று மன்றாடியிருக்கிறான். உள்ளே சிப்பந்திகளுக்கு ஒன்று இருக்கிறது என்று கடைசியில் கூட்டிப்போய்க் காட்டினான். இந்தியன் டாய்லெட், பக்கத்தில் பச்சை வாளி, உள்ளே ஒரு மக்கு.

இவ்வளவுக்கும் நடுவில் பாட்டி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பீங்கான் வந்த அன்றே புழக்கத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டார். அரை வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் கொட்டினால் போதும், டேங்க் செய்யும் வேலையும் அதுதான். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால்தான் போகாது. இந்தத் தத்துவத்தை நம்மவர் கதவுக்கு வெளியே நின்று அம்மாவுக்கு விளக்கியபோது, “எண்பது வருஷமா ஊத்திக்கிட்டிருக்கேன்டா, நீ போய்ப் பேப்பர் படி” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

கேலி பேசுகிறேனே ஒழிய, இவரால் தெருவுக்கு நன்மையும் உண்டு. ராத்திரி டேங்க்கில் சொட்டு நீலம் நாலு துளி விட்டுவிட்டு, காலையில் யாரும் ஃப்ளஷ் பண்ணுவதற்கு முன்னால் பீங்கானைப் பாருங்கள். நீலம் இறங்கியிருந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது, ராப்பகலாகத் தண்ணீர் கசிகிறது என்று அர்த்தம். வீடு வீடாகப் போய் இந்த வைத்தியத்தைச் சொன்னது இவர்தான். எங்கள் வீட்டிலும் நீலம் இறங்கியது. அந்த மாதம் தெருவில் வேட்டிக்குப் போட நீலம் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியில் பிளம்பர் தம்பி வந்தார். குனிந்து உள்ளே போனார், நிமிர்ந்து பக்கவாட்டுச் சுவரைப் பார்த்தார். ஆள் நிற்கும் உயரம் இருக்கிறதே, அந்தப் பக்கம். “பின்னாடி எதுக்கு சார், சைடுல மாட்டிடலாம். ஒரு பெண்டு போட்டுக் கொண்டுவந்தா முடிஞ்சது.” சாதாரண பிளாஸ்டிக் டேங்க், இரட்டைப் பொத்தான், வளைத்த வெள்ளைக் குழாய். டீ ஆறுவதற்குள் மாட்டியாயிற்று. சிலாப் தலையில் இடிக்கவில்லை, பெருமாளுக்கும் தொந்தரவில்லை.

“நான் யோசிச்சு வெச்சிருந்ததைத்தான் அந்தத் தம்பி பண்ணிட்டான்” என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபிக்கு முன்னால் மாடிப்படி தரிசனம். சுவரில் அவர் கையெழுத்தில் ஓர் அறிவிப்பும் ஒட்டியாயிற்று: சிறிய பொத்தான், பெரிய பொத்தான், இரண்டையும் சேர்த்து அழுத்தக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை மச்சினர் வந்திருந்தார். மனிதர் உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் நம்மவர் சோபாவை விட்டு எழுந்து, பூனை நடை நடந்து, கதவில் காதை வைத்தார். தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. ஒரு கணம் கணக்குப் போட்டார்.

“மாப்ளே, சின்னதுதானே போனீங்க? எதுக்குப் பெரிய பொத்தானை அழுத்தினீங்க?”