கேரள-தமிழக எல்லையில் ஒரு டிவி பெட்டி: கேள்வி-பதில்

? ராமாயணம் ஓடிய காலத்தில் மேட்டு வீட்டில் படம் பளிச்சென்று தெரியும். பள்ளத்து வீட்டில் வெறும் புள்ளிதான். ஏன்?
– வாசகர், மறையூர்

அன்றைய தூர்தர்ஷன் அலை நேர்கோட்டில் போகும். நடுவில் மலை நின்றால் அவ்வளவுதான். 1987 தொடங்கி ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கம்பக்கமெல்லாம் மேட்டு வீட்டில் கூடியது அதனால்தான்.

? எல்லை ஊர்களுக்கு டிவி வரலாற்றில் முக்கியமான வருடம் எது?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

1993. ஏப்ரல் 14-ல் தமிழில் சன் டிவி, ஆகஸ்ட் 30-ல் மலையாளத்தில் ஏஷ்யாநெட். இரண்டும் செயற்கைக்கோள் வழியே வந்ததால் மலை குறுக்கே நிற்க முடியவில்லை. வாளையாறுக்குக் கேரளப் பக்கம் கேபிள் இழுத்த வீடுகளில் இரண்டு மொழியும் ஒரே பெட்டியில் பேசின.

? தமிழ் சீரியல் பார்த்தே வளரும் பிள்ளைகளின் மலையாளம் கெடாதா?
– வாசகர், சித்தூர்

கெடாது. பள்ளி, பஸ், பஞ்சாயத்து ஆபீஸ் எல்லாம் மலையாளத்தைக் கற்றுத்தரும். ஆதரவு வேண்டியது தமிழுக்குத்தான். டிவி காதுக்குத் தமிழ் தரும். எழுத்தை நீங்கள் வீட்டில் சொல்லிக்கொடுங்கள்.

? முல்லைப் பெரியாறு அணை விஷயத்தில் எந்த டிவியை நம்புவது?
– வாசகர், குமுளி

2011 டிசம்பரில் மலையாள சேனல்கள் அணை உடையுமோ என்ற பயத்தைப் பேசின. தமிழ் சேனல்கள் அணையை நம்பியிருக்கும் தேனி, மதுரையின் தண்ணீரைப் பேசின. பயமும் உண்மை, தாகமும் உண்மை. பாதியை மட்டும் காட்டியதுதான் தவறு. அந்தப் பதற்றத்தில் தமிழ் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் பலர் வேலையை விட்டுவிட்டு மலையிறங்கினார்கள். அணை பாதுகாப்பானது, 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 7-ல் தீர்ப்பளித்தது. இரண்டு மொழியும் தெரிந்த நீங்கள் இரண்டு செய்தியையும் பாருங்கள்.

? எங்களை எந்த டிவியாவது காட்டியிருக்கிறதா?
– வாசகி, மூணாறு

2015 செப்டம்பரில் காட்டியது. உங்கள் ஊரில் தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்டவே விடவில்லை. 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற அவர்களுடைய அமைப்பின் பெயர் கேரளம் முழுக்கப் பரவியது. கேமரா முன் தமிழிலேயே பேசினார்கள். போனஸ் கிடைத்தது, அக்டோபரில் 232 ரூபாய் தினக்கூலி 301 ஆனது. வென்றது அவர்களுடைய பிடிவாதம். அதை யாரும் மூடி மறைக்க முடியாமல் செய்தது டிவி.

? கொரோனா காலத்து டிவி வகுப்பு எங்கள் பிள்ளைகளுக்குப் பயன்பட்டதா?
– வாசகி, தேவிகுளம்

அரைகுறையாகத்தான். 2020 ஜூன் 1-ல் கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. மலையாளப் பாடம் டிவியிலேயே வந்தது. தமிழ்வழிப் பாடத்துக்குப் பெரும்பாலும் யூடியூபைத் தேட வேண்டியிருந்தது. அதற்கு ஸ்மார்ட்போனும் டவரும் வேண்டியிருந்தன. எஸ்டேட் லைன் வீடுகளில் அவை எளிதில் கிடைக்கவில்லை. தமிழில் பாடம் தயாரித்த ஆசிரியர்களுக்கு நன்றி. சேனலில் சமமான நேரம் தராததுதான் குறை.

? இனி என்ன செய்யலாம்?
– வாசகர், வண்டிப்பெரியாறு

விக்டர்ஸில் தமிழ்வழிப் பாடத்துக்குத் தினமும் நிலையான நேரம் கேளுங்கள். பி.டி.ஏ. கூட்டத்திலும் கிராம சபையிலும் எழுத்தில் மனுவாகவே கொடுங்கள். நம் வரிப்பணத்தில் நடக்கும் சேனல் அது. கேட்பது நம் உரிமை.