நடை சாத்திய நேரமும் தென்பாண்டி வரலாறும்: ஒரு வேன் திட்டத்தின் பாட ஆய்வு

திசையன்விளையிலிருந்து விடியுமுன் வேன் பிடித்தால் சாமியும் கும்பிட்டு, சரித்திரமும் பார்த்து, ராச்சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்துவிடலாம் என்றொரு நம்பிக்கை எங்கள் வட்டாரத்தில் நெடுங்காலமாக உண்டு. மறுபிறவி நம்பிக்கையைப் போலவே இதையும் அனுபவம் அசைத்துப் பார்த்ததில்லை. ஆனால் தமிழாய்வு உலகம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆற்றுப்படைக்கு உரைக்கு மேல் உரை வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதப்படும் வேன் திட்டத்துக்கோ ஒரு நல்ல பதிப்புகூடக் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்க முயல்கிறது இக்கட்டுரை.

ஆற்றுப்படை என்றால் என்ன? போய்ப் பயன்பெற்றவன் போகாதவனுக்கு வழிசொல்வது. அதாவது, நம் முதல் சுற்றுலா வழிகாட்டி. திருமுருகாற்றுப்படை திருப்பரங்குன்றத்தில் தொடங்கி பழமுதிர்சோலை வரை முறையாகக் கொண்டுபோகிறது. நம் திருச்செந்தூர் அதில் அலைவாய் என்ற பெயரில் இரண்டாவது நிறுத்தம். திட்டம் என்ற அளவில் குறை சொல்ல முடியாது. ஆனால் வண்டி எத்தனை மணிக்கு வரும், எந்தக் கோயிலில் எப்போது நடை சாத்துவார்கள் என்ற இரண்டு விவரங்களையும் நக்கீரர் சொல்லாமல் விட்டுவிட்டார். பிற்காலத் துன்பங்கள் அனைத்தும் இந்த விடுபாட்டிலிருந்தே தொடங்குகின்றன என்பது என் துணிபு.

அந்த நூலை உள்ளடக்கிய பத்துப்பாட்டின் ஏடுகளைத் தேடி உ.வே.சாமிநாதையர் இதே தாமிரபரணிக் கரைக்குத்தான் வந்தார். ஆழ்வார்திருநகரியில் ஏடு கிடைத்தது. 1889-இல் பதிப்பு வந்தது. நான் ஆராய எடுத்துக்கொண்ட ஏடு, வீட்டு டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில் கிடைத்தது.

மூலபாடமும் இடைச்செருகலும்

இத்திட்டத்துக்கு மூன்று பிரதிகள் உள்ளன. முதலாவது, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரான என் பெரியப்பா, யாருடையதோ காதுகுத்துப் பத்திரிகையின் பின்புறம் நீல மையில் எழுதியது. இதைப் பத்திரிகைப் பிரதி என்க. இரண்டாவது, கோயில் கொடைக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த அத்தான் அதைத் தட்டச்சு செய்து குடும்பக் குழுவில் போட்ட வாட்ஸ்ஆப் பிரதி. மூன்றாவது, டிரைவர் பிரதி. இது எழுத்தில் இல்லை. முழுக்க வாய்மொழி மரபு. முதல் பிரதியில் 'ஸ்ரீவைகுண்டம் 10.15' என்றிருப்பது இரண்டாவதில் '10.45' ஆகிறது. மூன்றாவதில் அதே இடத்துக்குக் கிடைக்கும் பாடம், "பாப்போம் அண்ணாச்சி."

பாடபேதம் வந்தால் எதைக் கொள்வது என்பதில் பதிப்பாசிரியர்களுக்குள் சண்டை உண்டு. வேன் திட்டத்தில் அந்தச் சண்டைக்கு இடமில்லை. ஸ்டீரிங் யார் கையிலோ, அவர் பாடமே மூலபாடம்.

மூன்று பிரதிகளும் ஒத்துப்போகும் ஒரே இடம் முதல் வரி: 'காலை 4.30 – புறப்பாடு.' இதை நேரம் என்று படிப்பது பிழை. பாட்டுக்கு முன்னால் வரும் கடவுள் வாழ்த்தைப் போல இது ஒரு மரபு. 4.30-க்கு நடப்பது டிரைவர் ஆரன் அடிப்பது மட்டுமே. அதற்கு வீட்டுக்குள்ளிருந்து வரும் மறுமொழி "இந்தா வந்துட்டோம்." இந்த 'இந்தா'வை எங்கள் முற்றத்தில் கைக்கடிகாரத்தோடு நின்று அளந்தேன். சித்தியின் 'இந்தா' பன்னிரண்டு நிமிடம். சித்தப்பாவின் 'இந்தா', அவர் குளிக்கப் போவதற்கு முன்னால் சொன்னதால், கணக்கில் சேரவில்லை.

அடுத்தது இடைச்செருகல். பத்திரிகைப் பிரதியில் உடன்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே, நீல மை வரிகளுக்கு இடையில் கறுப்பு மையில் 'மயினி வீடு 5 நிமி.' என்றொரு வரி நுழைந்திருக்கிறது. மை வேறு, கை வேறு, நடையும் வேறு. பெரியம்மா மறுக்கிறார், ஆனால் வீட்டில் கறுப்புப் பேனா அவரிடம்தான் இருக்கிறது. வாய்மொழி இடைச்செருகல்களை இனங்காண ஒரு சொற்றொடர் போதும்: "போற வழிதானே." தூத்துக்குடி மாவட்டத்தில் திசையன்விளைக்காரர்களுக்குப் போகிற வழியில் இல்லாத ஊர் எதுவும் இல்லை என்பதை இப்பயணத்தில் அறிந்தேன். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வேனுக்குள் பரவியதும், அதற்கும் ஒரு நிறுத்தம் செருகப்பட்டது. மயினி வீட்டில் ஐந்து நிமிடத்துக்குள் பதினேழு பேருக்குக் காப்பி போட முடியாது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இதற்கு ஒரு மாற்றுச் சான்றும் உண்டு. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்கும், மார்கழி ஞாயிறுகளில் நவகைலாயத்துக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகம் சிறப்புப் பேருந்து விடுகிறது. அந்தப் பேருந்து ஒன்பது தலத்தையும் ஒரே நாளில் முடித்துவிடுகிறது. காரணம் வேகமல்ல. அங்கே கண்டக்டரிடம் போய் "போற வழிதானே" என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை.

நடை சாத்துதல் பற்றிய அதிகாரம்

இனி கட்டுரையின் உயிர்நாடிக்கு வருவோம்.

பெரியப்பாவின் திட்டப்படி திருச்செந்தூரில் கடலில் முங்கி, நாழிக்கிணற்றில் குளித்து, செந்திலாண்டவரைக் கும்பிட்டு ஏழரைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். வரிசையில் நின்றவர்கள் அந்தத் திட்டத்தைப் படித்திருக்கவில்லை. பன்னீர் இலை விபூதியோடு நாங்கள் வெளியே வந்தபோது மணி ஒன்பதே முக்கால். தென்திருப்பேரையில் மகரநெடுங்குழைக்காதர் கிடைத்தார். ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாரின் உறங்காப்புளியைச் சுற்றிவரும்போதே பெரியப்பாவுக்கு உறக்கம் கெட்டுவிட்டது. ஒன்பது திருப்பதியையும் பட்டியலில் எழுதியவர் அவர். அதில் இரட்டைத் திருப்பதியில் மட்டும் ஒரே நிறுத்தத்தில் இரண்டு கணக்காகும். திட்டம் போடுகிறவர்களுக்குப் பெருமாள் தந்த ஒரே சலுகை அதுதான். ஆற்றைத் தாண்டி ஸ்ரீவைகுண்டம் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். மணி பன்னிரண்டு ஐந்து.

அங்கே பெருமாளுக்குக் கள்ளபிரான் என்று பெயர். திருடிய பொருளில் பாதியைத் தனக்குத் தந்த கள்வனுக்காக அவன் வடிவிலேயே அரசன் முன் போய் நின்றவர் என்பது தலபுராணம். எங்கள் ஐந்து நிமிடம் யாரிடம் போயிற்று என்று அந்த வாசலில் நின்று யோசித்தேன். மயினி வீட்டுக் காப்பி நினைவுக்கு வந்தது.

"நாலு மணிக்கு மேலதான் இனி" என்றார் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தவர். அந்த நேரத்தில்தான் பெரியப்பா வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது:

"அதுவரைக்கும் ஆதிச்சநல்லூரப் பாத்துட்டு வந்திருவோமா?"

ஆய்வின் மையக் கருதுகோள் எனக்குத் தோன்றியது இங்கேதான். தமிழ்நாட்டுப் பயணத் திட்டத்தில் வரலாறு என்பது தனியொரு துறையல்ல. அது பன்னிரண்டுக்கும் நாலுக்கும் இடைப்பட்ட காலம். கோயில் திறந்திருக்கும்வரை எவருக்கும் தொல்லியல் தோன்றுவதில்லை. பெருமாள் ஓய்வெடுக்கும் நேரத்தில் பாண்டியர் எழுந்திருக்கிறார்கள். கொற்கையின் சங்கு, சிவகளையின் இரும்பு, ஆதிச்சநல்லூரின் தாழி ஆகிய எல்லாவற்றையும் உச்சிவெயிலில்தான் நம் மக்கள் பார்த்திருக்கிறார்கள். கடல் பின்வாங்கிக் கொற்கைத் துறைமுகம் உள்நாட்டு ஊராகிப் போனதற்கு ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் காரணம் என்பார்கள். அது நம் நினைவிலிருந்தும் பின்வாங்கியதற்கு மே மாத வெயில் காரணமாக இருக்கலாம். திருச்செந்தூரில் பகல் முழுக்க நடை திறந்திருப்பதும், அங்கே போகிறவர்கள் பக்கத்திலேயே இருக்கும் காயல்பட்டினத்தை எட்டிப் பார்க்காததும் தற்செயல் அல்ல. மார்க்கோ போலோ எழுதிவைத்த காயல் அதுதான் என்று சொல்வோர் உண்டு. அவருக்குத் தரிசன வரிசை இல்லை.

ஆதிச்சநல்லூருக்குப் புதுக்குடி வழியாகத் திரும்பினோம். ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையம் அங்கேதான் இருக்கிறது. 2023 டிசம்பர் 17 இரவு செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பேரோடு வெள்ளத்தில் நின்றுபோன இடம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய நேரம். ஊர்க்காரர்கள் இருந்த அரிசியைப் பொங்கிப் போட்டதைப் பெரியப்பா சொன்னார். அன்று முழுவதும் வேனில் பாட்டுச் சத்தம் நின்றது அந்த இரண்டு நிமிடம் மட்டுந்தான். இது என் கருதுகோளுக்குள் அடங்கவில்லை. அடங்காததையும் குறித்து வைப்பதே ஆய்வு நேர்மை.

ஆதிச்சநல்லூர்ப் பரம்பு 114 ஏக்கர் என்பார்கள். 1876-இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் என்பவர் தோண்டினார். பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டினார்; பொன் நெற்றிப்பட்டமும் வெண்கலமும் இரும்பும் வண்டி வண்டியாகக் கிடைத்தன. 2004-இல் மறுபடி தொல்லியல் துறை வந்தது. யாகோர் எடுத்தவை பெர்லினுக்குப் போயின, ரீ எடுத்தவை எழும்பூருக்கு. ஆகவே ஆதிச்சநல்லூரை முழுசாகப் பார்க்க ஆதிச்சநல்லூர் போதாது. ஆனால் இப்போது குழிக்கு மேல் கண்ணாடி போட்டு, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். அத்தான் அந்தக் கண்ணாடியைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். எங்கள் ஆச்சியும் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய பானையில என்னல போட்டு வச்சாவ?"

பெரியப்பா விளக்கினார். ஈமக்காடு, முதுமக்கள் தாழி, மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய எலும்பு.

ஆச்சி இரண்டடி பின்னால் வந்தார். "அப்பம் சுடுகாட்டுக்கா கூட்டியாந்திருக்க? இனி குளிக்காம எந்தக் கோயில்ல கால வைக்க?"

மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு தாழி தீட்டு உண்டாக்குமா என்பதற்கு தர்மசாஸ்திரத்தில் விடை இருக்கிறதா தெரியவில்லை. வேனில் இருந்தது. பதினேழு பேரும் கருங்குளம் பக்கம் ஆற்றில் இறங்கினோம். தேரிக்காட்டுச் செம்மண்ணில் பிறந்தவர்களுக்கு ஆறு என்பதே வேன் வைத்துப் போய்ப் பார்க்க வேண்டிய ஒரு பொருள். பொதிகையிலிருந்து இத்தனை தூரம் வந்தும் குளிர் போகாத தண்ணீர். புளியோதரையும் பனங்கிழங்கும் கரையில் கரைந்தன. திட்டத்தின் எந்தப் பிரதியிலும் இல்லாத இந்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றித்தான் அடுத்த ஒரு மாதம் வீட்டில் பேசினார்கள். பெரியப்பா நனைந்த துண்டோடு உட்கார்ந்து பத்திரிகையை எடுத்து, மீதி ஏழு திருப்பதிகளையும் ஒரே கோட்டில் அடித்தார்.

கிருஷ்ணாபுரத்தில் நடை திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனோம். நாயக்கர் காலத்துச் சிற்பங்கள். வீரபத்திரர், மன்மதன், ரதி, அரசகுமாரியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன். ஒரு குறைபாடு: கோயிலும் வரலாறும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதால், உச்சிவேளையில் இரண்டும் சேர்ந்தே பூட்டப்படுகின்றன. அதன்பின் திருநெல்வேலி. நெல்லையப்பரைத் தரிசித்தோம் என்பது உண்மை. கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை சாயங்காலந்தான் திறக்கும் என்பதும், அல்வா வரிசையில் சித்தப்பாவை நிறுத்திவிட்டுத்தான் மற்றவர்கள் உள்ளே போனார்கள் என்பதும் உண்மை. எது காரணம், எது காரியம் என்று ஆய்வாளன் அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது.

அண்மைத் தலங்கள் குறித்து ஒரு பின்னிணைப்பு

1841 ஜூலை 5 அன்று இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் ஏறத்தாழ 500 பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் கூட்டிப்போனார். ஆள் சேர்த்து, காசு பிரித்து, ஒரு நாளில் போய்வரும் தொழிலுக்கு அதையே தொடக்கமாகச் சொல்வார்கள். அதே 1841-இல் ராபர்ட் கால்டுவெல் சென்னையிலிருந்து கால்நடையாகவே தெற்கே வந்து, திசையன்விளைக்குப் பக்கத்து இடையன்குடிக்குள் நுழைந்தார். திட்டம் போட்டு வந்தாரா தெரியாது. வந்தவர் ஏறக்குறைய ஐம்பது வருஷம் இருந்துவிட்டார். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூல் வெளியானது. 1847-இல் தொடங்கிய தேவாலயம் 1880-இல் முடிந்தது. கொற்கையையும் காயலையும் தோண்டிப் பார்த்து எழுதியவரும் அவர்தான். 1891-இல் கொடைக்கானலில் இறந்தவரை இடையன்குடிக்குக் கொண்டுவந்து, அந்தத் தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

மூன்று பிரதிகளில் ஒன்றிலும் இடையன்குடி இல்லை. உவரி சுயம்புலிங்க சுவாமி இல்லை, கப்பல் வடிவில் நிற்கும் கப்பல் மாதா இல்லை, மணலுக்குள்ளிருந்து வெளிப்பட்டதாகச் சொல்லப்படும் சொக்கன்குடியிருப்பு மணல் மாதா இல்லை, ஆத்தங்கரைப் பள்ளிவாசலும் இல்லை. கருப்பட்டிக்குப் போகிற வழி வளைந்து கொடுத்தது; இவற்றுக்கு வளையவில்லை. வேன் எடுக்கும் அளவுக்குத் தூரம் இல்லாத எதுவும் தலமாகாது என்று இதை விதியாக்கலாம்.

இரவு பதினொன்றேகாலுக்கு வீட்டு முற்றத்தில் இறங்கினோம். மறுநாள் காலை அத்தான், யாரிடமும் சொல்லாமல், டவுன் பஸ் ஏறி இடையன்குடி போய் கால்டுவெல் கல்லறையைப் பார்த்துவிட்டு இட்லி ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

"மாமா, நீங்க உள்ள போயிருக்கேளா?" என்று பெரியப்பாவைக் கேட்டார். ஒப்பிலக்கணம் வெளியான ஆண்டை மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெரியப்பா.

"அதுக்கென்ன மாப்ள, இங்கனதான கெடக்கு. ஒருநா போவோம்."

சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து இன்னொரு கல்யாணப் பத்திரிகையை உருவித் திருப்பிப் போட்டார். அடுத்த வருஷத்துக்குப் பாபநாசமும் குற்றாலமுமாம். முதல் வரியை எழுதிவிட்டுத்தான் காப்பியைக் கையில் எடுத்தார்: 'காலை 4.30 – புறப்பாடு.'