சரண்டர் மதிப்பு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எங்கே வண்டி சறுக்கும் என்று பலகை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். என் சித்தப்பாவிடம் வங்கியில் நீட்டிய காகிதத்தில் அப்படி ஒரு பலகையும் இல்லை.

சித்தப்பா காபி எஸ்டேட்டில் மேஸ்திரி. ஓய்வுபெற்றபோது வந்த பி.எஃப். பணத்தை டெபாசிட்டில் போடப் போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த தம்பி எழுந்து நின்று ‘ஐயா’ என்றார், டீ வரவழைத்தார். ‘டெபாசிட் மாதிரிதாங்க ஐயா, கூடவே இன்சூரன்ஸும் வருது.’ வருஷம் ஒரு லட்சம், 15 வருஷம் கட்ட வேண்டும். அறுபது வயதுக்காரர் எழுபத்தைந்து வரை எதை விற்றுக் கட்டுவார் என்று தம்பி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கமிஷன் குறைந்திருக்கும்.

வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை, கணக்கே அப்படி. அன்றைக்கு நடப்பிலிருந்த 2016 விதிகளில் முதல் வருஷப் பிரீமியத்தில் கமிஷனுக்கு உச்சவரம்பு: 5 வருஷம் கட்டும் பாலிசிக்கு 15 சதவீதம், 10 வருஷத்துக்கு 30, 12 வருஷமும் அதற்கு மேலும் என்றால் 35. கிழவர் எவ்வளவு நீளமாக மாட்டுகிறாரோ அவ்வளவு கூலி. அவருடைய முதல் லட்சத்தில் 35,000 வரை விற்றவருக்கே போகலாம். 2023இல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். மொத்தச் செலவு வரம்புக்குள் நிறுவனங்களே பார்த்துக் கொடுத்துக்கொள்ளலாம்.

காபி நாற்று நட்டால் காய்க்க மூன்று நான்கு வருஷம். பறிக்கிற பெண்ணுக்குப் பழத்தின் எடைக்குத்தான் கூலி. கூடையில் பச்சைக்காய் கலந்தால் மேஸ்திரியிடம் வசவு. இங்கே விற்றவருக்கு நட்ட அன்றே அறுவடை. செடி பட்டுப்போனாலும் அவர் கூடை நிறைந்துவிட்டது.

தம்பியை மட்டும் திட்டிப் பயனில்லை. கமிஷன் வங்கிக்கு, அவர் கழுத்தில் டார்கெட். சேலம் ஜில்லாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் கட்டிக்கொண்டு போன கங்காணிக்கும் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. அவன் முன்பணம் கொடுத்து இழுத்தான், இவர்கள் டீ கொடுத்து இழுக்கிறார்கள். ஏ.சி. வேறு.

காவல்காரர்கள் உண்டே என்பீர்கள். 2009 ஆகஸ்டில், விற்பவர்களுக்குக் கமிஷனாகப் போய்க்கொண்டிருந்த மியூச்சுவல் ஃபண்ட் நுழைவுக் கட்டணத்தைப் பங்குச் சந்தைக் காவல்காரரான செபி ஒழித்தது. விற்பவர்கள் ஒரே தாவாக, முதலீட்டையும் காப்பீட்டையும் ஒன்றாகக் கட்டிய யூலிப் பக்கம் போனார்கள், அங்கே கமிஷன் கொழுத்திருந்தது. 2010 ஏப்ரலில் தன் அனுமதியில்லாமல் யூலிப் விற்கக் கூடாதென்று 14 காப்பீட்டு நிறுவனங்களை செபி தடுத்தது. ‘அது எங்கள் தொழுவம்’ என்று காப்பீட்டு ஆணையம் பாய்ந்தது. ஜூனில் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு மாட்டை ஆணையத்திடமே கட்டியது. பால் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

1938ஆம் வருஷக் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு இன்னும் ரசமானது. தன் கமிஷனில் கொஞ்சத்தை ஏஜென்ட் வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுத்தால் குற்றம். 2015 திருத்தத்தில் அபராதம் 10 லட்சம் வரை ஏறியது. நம் காசில் நமக்கே பங்கு கொடுப்பது அவ்வளவு பெரிய பாவம்.

சித்தப்பா இரண்டு வருஷம் கட்டினார். மூன்றாவதுக்குப் பணமில்லை. அப்போதைய விதிப்படி ஒரு வருஷத்தோடு நிறுத்தியிருந்தால் கையில் பூஜ்யம். இரண்டு வருஷம் கட்டியதற்கு 30 சதவீதம். முதல் வருஷத்துக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும் என்ற ஞானம் 2024 அக்டோபரில்தான் பிறந்தது. இரண்டு லட்சத்துக்கு 60,000. இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘சரண்டர் மதிப்பு’. சரணடைந்தவனுக்கு எவ்வளவு மதிப்பு என்று இதைவிட நேர்மையாக யாரும் எழுதியதில்லை.

கையெழுத்துப் போட நானும் கூடப் போனேன். பழைய தம்பிக்கு மாற்றலாகியிருந்தது. புதிதாக வந்திருந்த பெண் எழுந்து நின்று ‘ஐயா’ என்றார். டீ வந்தது. படிவத்தை வாங்கி முத்திரை குத்திவிட்டு, மேசை டிராயரிலிருந்து ஒரு வண்ணக் காகிதத்தை எடுத்து வைத்துக் கேட்டார்:

‘அந்த அறுபதாயிரத்த என்னங்க ஐயா பண்ணப் போறீங்க?’