போலீஸுக்கு மட்டும் ஒரு சாவி

கேள்வி: குற்றவாளியின் போனைத் திறக்க போலீஸுக்கு மட்டும் ஒரு ரகசிய வழி வைத்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பதில்: அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யும் இதைத்தான் கேட்டது. 2015 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 14 பேரைச் சுட்டுக்கொன்ற இருவரில் ஒருவனின் ஐபோன் சிக்கியது. பத்து முறை தப்பான எண்ணைப் போட்டால் உள்ளே உள்ளதெல்லாம் அழிந்துவிடுமோ என்று பயம். பூட்டைத் தளர்த்தும் மென்பொருளை எழுதித் தரச் சொல்லி 2016 பிப்ரவரியில் கோர்ட் உத்தரவே வாங்கினார்கள். ஐபோனைத் தயாரிக்கும் ஆப்பிள் மசியவில்லை. கடைசியில் வெளி ஆட்களை வைத்துத் திறந்துவிட்டு, வழக்கை வாபஸ் வாங்கினார்கள்.

போலீஸின் தவிப்பு நியாயமே. ஆனால், போலீஸ் ஒட்டுக்கேட்பதற்கென்று அமெரிக்க டெலிபோன் கம்பெனிகள் சட்டப்படி வைத்திருந்த வசதிக்குள்ளேயே சீன ஹேக்கர்கள் கைவைத்தது 2024இல் அம்பலமானது. அந்த டிசம்பரில் அமெரிக்க அதிகாரிகள் மக்களுக்குச் சொன்ன யோசனை என்ன தெரியுமா? சங்கேதப் பூட்டு (என்க்ரிப்ஷன்) உள்ள ஆப்பில் பேசுங்கள் என்பதுதான்!

வாரன்ட்டோடு வரட்டும், அந்த ஒரு போனோடு மல்லுக்கட்டட்டும். ஊருக்கே பொதுவாக ஒரு கள்ளச்சாவி மட்டும் வேண்டவே வேண்டாம்.