இருபதடிக் குழாய் வளையுமா தம்பி?

வாடா தம்பி, இஞ்ச வா. நன்னிலத்துப் பட்டறையில என்னமோ வெல்டிங் வச்சுக்கிட்டிருக்கியாமே? டிராக்டருக்குப் பின்னால மாட்டறதாம். மண்ணைக் கிழிக்குமாம், கிழிச்ச கையோட குழாயையும் புதைச்சுடுமாம். போர்செட்டுலேர்ந்து கடைசி வயல் வரைக்கும் ஒரே ஓட்டமாம். பெயிண்டுகூட அடிச்சாச்சாம். பேரு வச்சியா?

யோசனை நல்லதுதான்டா. ஒத்தக் கொழு, அதுக்குப் பின்னால வளைஞ்சு எறங்குற இரும்புக் குழல். சுருளா வர்ற கறுப்பு ஓஸுன்னா பாம்பு மாதிரி அதுக்குள்ள பூந்து போயிடும். நீ வாங்கி அடுக்கியிருக்கிறது என்ன? இருபதடி நீளத்துல வெறைச்சுக் கெடக்குற நாலு இஞ்சு பிவிசி. அது எப்புடி வளையும்? கெஞ்சினா வளையுமா?

இங்கிலாந்துல ஃபௌலர்னு ஒருத்தர், 1850லயே இந்த வேலையச் செஞ்சு காட்டியிருக்காரு. டிராக்டர் ஏது அப்ப? குதிரையப் பூட்டி உருளையச் சுத்தவிட்டு, வடம் போட்டுக் கொழுவ இழுத்தாரு. குட்டைக் குட்டைக் குழாயாக் கயித்துல கோத்து, கொழுவுக்குப் பின்னால கட்டிவிட்டாரு. வெறைச்ச சாமான் வளையாதுன்னு மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதுவும் தண்ணி பாய்ச்ச இல்ல, வயல்ல நிக்கிற தண்ணிய வடிக்க. இடுக்கு வழியாத் தண்ணி உள்ள எறங்கினா அவருக்கு நல்லது. நீ இடுக்கு விட்டா மோட்டார் தண்ணி பங்காளி வயலுக்குல்ல பாயும்? அவனுக்குச் சந்தோசந்தான்.

ஆக, பள்ளம் மட்டும் தோண்டு, குழாயக் கையால எறக்கு. சங்கிலில பல்லு வச்சுச் சுத்தவிடப் போறியா? அதுக்கு வண்டி நகர்றதே தெரியக்கூடாது. உன் டிராக்டர் மொத கியர்லயே நான் நடக்குற வேகத்துல போவுது. அதனால பள்ளத்தையும் கொழுவாலதான் கிழிக்கணும்.

மண்ணைப் பாத்தியா மொதல்ல? நம்மூரு களி. சித்திரையில பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். கொழு எறங்காது, சக்கரந்தான் சுத்தும். ஹைட்ராலிக் அமுக்கும்னு நெனச்சியா? அதுக்குத் தூக்கத்தான் தெரியும். எறங்குறதெல்லாம் கொழுமுனைச் சாய்வும் கனமுந்தான். ஜூன் 12ல மேட்டூரத் தொறந்து வாய்க்கால்ல தண்ணி வந்துட்டாலோ, தோண்டத் தோண்ட ரெண்டு பக்கமும் சரியும். உளுந்து எடுத்த பொறவு ஒரு கோடை மழை பெய்யும் பாரு, அப்ப மண்ணைக் கையில எடு. புடிச்சா உருண்டையாவணும், தட்டினா உதிரணும். அன்னிக்கு ஓட்டு.

ஒண்ணரை அடி ஆழம் போதும்ங்கிறியாமே. சேத்துல கேஜ்வீல் மிதிக்கிற மிதி தெரியாதா உனக்கு? ரெண்டரை அடி போ. ஒட்டினதும் மூடிடாத. பசை காயட்டும், மோட்டாரப் போட்டு ஒழுவுதான்னு பாரு. எல்போ வர்ற எடத்துல முட்டுக் குடு. இல்லேன்னா தண்ணி வேகத்துல கழண்டுக்கும்.

அது சரி, நடுவுல பெரியப்பா வரப்பு வருதே. அவருகிட்ட கேட்டுட்டியா?

இல்லையா? அப்ப எந்தத் தைரியத்துலடா பெயிண்ட் அடிச்ச?